சிவப்பு ஸ்பேடு

1949-ல் ஜெரோம் புரூனரும் லியோ போஸ்ட்மனும் வெளியிட்ட ஒரு பரிசோதனையில் வித்தைக்காரன் கிடையாது. வித்தை மட்டும் உண்டு. சில சீட்டுகளின் நிறத்தை மாற்றியிருந்தார்கள்: ஸ்பேடு சிவப்பு, ஆர்ட்டின் கறுப்பு. சரியான சீட்டுகளோடு கலந்து இவற்றை ஒவ்வொன்றாக 28 மாணவர்களுக்குக் காட்டினார்கள். காட்டும் நேரம் விநாடியில் நூறில் ஒரு பங்கில் தொடங்கி, முழு விநாடிவரை நீளும்.

சரியான சீட்டை இனம்காணச் சராசரியாக விநாடியின் ஆயிரத்தில் 28 பங்கு போதுமாயிருந்தது. நிறம் மாறிய சீட்டுக்கு 114 பங்கு தேவைப்பட்டது. ஆனால் விஷயம் வேகத்தில் இல்லை, பதில்களில் இருக்கிறது. சிவப்பு ஸ்பேடைப் பார்த்து, ஆர்ட்டின் என்றோ கறுப்பு ஸ்பேடு என்றோ தயக்கமின்றிச் சொன்னார்கள். சிலர் ஊதா என்றார்கள், பழுப்பு என்றார்கள். சீட்டில் இல்லாத நிறங்கள் இவை. எதிரே இருந்ததற்கும் பழகியதற்கும் இடையே கண் செய்துகொண்ட ராஜி. வேறு சிலர் குழம்பினார்கள். ஒருவருக்கு, ஸ்பேடு எப்படி இருக்கும் என்பதே சந்தேகமாகிவிட்டது.

மேடையில் பார்வையைத் திசைதிருப்ப ஒரு கை வேண்டும். 2007-ல் ரிச்சர்ட் வைஸ்மன் ஒரு சிறு படம் எடுத்தார். சீட்டுகளின் முதுகு நிறம் மாறுவதை நாம் வியந்துகொண்டிருக்கையில், இருவரின் சட்டை, மேஜை விரிப்பு, பின்திரை எல்லாமே நிறம் மாறிவிடுகின்றன. நாம் கவனிப்பதில்லை. அங்கே நம்மை ஏமாற்ற ஒருவர் இருக்கிறார். புரூனரின் அறையில் யாருமில்லை. பழக்கமே அந்த வேலையைச் செய்தது.

1962-ல் தாமஸ் குன் விஞ்ஞானப் புரட்சிகள் பற்றிய தமது நூலில் இந்தச் சீட்டுகளை எடுத்தாண்டார். முரணானது முதலில் பழைய வகைக்குள்ளேயே அடைபடுகிறது, பிறகு உறுத்துகிறது, அதன்பின்தான் கண்டுபிடிப்பு. சிலருக்கு அது கடைசிவரை வாய்ப்பதில்லை என்பதும் பரிசோதனையிலேயே இருக்கிறது.

என்னைத் தொந்தரவு செய்வது அந்த ஊதாதான். புதிய கவிதை ஒன்றைப் படித்து எரிச்சல்படுகிறவனிடம் எனக்குக் கோபமில்லை. ஏதோ சரியாக இல்லை என்று அவனுக்குப் பட்டிருக்கிறது. படித்த மாத்திரத்தில் பழகிய பெயரிட்டுப் பாராட்டிவிடுகிற விமர்சகன்தான் ஆபத்தானவன். அவன் எந்தச் சீட்டையும் பார்க்கவில்லை. நாமும் அப்படி எத்தனை சிவப்பு ஸ்பேடுகளை ஆர்ட்டின் என்று எழுதித் தள்ளியிருக்கிறோமோ.