வல்தாவாவும் வையையும்

தெள்ளாறு! பெயரிலேயே தெளிந்த நீர் ஓடுகிறது. ஆயினும் வரலாறு அவ்வூரை அறிவது, 9ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியரை முறியடித்த போர்க்களமாகத்தான். ‘தெள்ளாறெறிந்த’ என்று கல்வெட்டிலும் கலம்பகத்திலும் அவன் புகழ் முழங்குகிறது. வாளைப் பாடிய நாட்டில் ஆற்றைப் பாடியோர் இலரோ? விடை தேடுமுன், கடல்கடந்த ஒரு செய்தியைக் காண்போம்.

ஆஸ்திரியப் பேரரசின் பிடியில் கிடந்தனர் செக் மக்கள். ஆட்சியிலும் கல்வியிலும் ஜெர்மன் மொழியே கோலோச்சியது. அவர்தம் வல்தாவா ஆற்றைக்கூட உலகம் ‘மோல்டாவ்’ என்ற ஜெர்மன் பெயராலேயே அறிந்தது! அம்மண்ணில் 1824இல் பிறந்தவர் ஸ்மெட்டனா. முப்பது வயதைக் கடந்த பின்னரே செக் மொழியில் எழுதப் பழகியவர். 1874 அக்டோபரில் அவர் செவிப்புலன் அழிந்தது. அதற்கடுத்த வாரங்களில், தம் காதால் ஒருநாளும் கேட்க முடியாத ‘வல்தாவா’ என்னும் பல்லியப் படைப்பை அவர் எழுதி முடித்தார்!

அதில் பாட்டில்லை, சொல்லில்லை, கருவிகளே பேசுகின்றன. இரு சுனைகள் குழலோசையாய் ஊறிக் கலந்து ஆறாகின்றன. காட்டில் வேட்டைக் கொம்பு. கரையில் உழவர் மணவிழா ஆட்டம். நிலவொளியில் நீர்த் தேவதைகள். (பகுத்தறிவாளர் பொறுத்துக்கொள்ளலாம், அவை எவரிடமும் காணிக்கை கேட்பதில்லை.) பின்னர்ப் பாறைகளில் மோதிச் சீறும் வெள்ளம், முடிவில் தலைநகர் பிராகா. 1875 ஏப்ரல் 4இல் அந்நகரிலேயே அது அரங்கேறியது. 1940களில் எழுந்த அணையின் தேக்கநீர் அப்பாறைகளை விழுங்கிற்று. ஆற்றில் அடங்கிய முழக்கம் இசையில் இன்றும் கேட்கிறது.

நம் நிலையோ நேர்மாறு. பரிபாடல் 70இல் 26 வையைக்கு உரியவை என்கிறது ஒரு பழைய வெண்பா, எஞ்சியவை 8. மலையில் மழை, கரையுடைக்கும் வெள்ளம், நீராட விரையும் மதுரை மக்கள், எல்லாம் அவற்றில் உண்டு. புலவர் பெயரோடு இசை வகுத்தோர் பெயரும் உண்டு: பித்தாமத்தர், நாகனார், மருத்துவன் நல்லச்சுதனார்! பாலையாழ், நோதிறம், காந்தாரம் எனப் பண்ணும் குறிக்கப்பட்டுள்ளது. உ.வே.சாமிநாதையர் 1918இல் அச்சேற்றியதால் சொல் பிழைத்தது. இசை?

காவிரிக் கரையில் வாழ்ந்த தியாகராயர் காவிரியைத் தெலுங்கில் பாடினார். அது அவர் தாய்மொழி. அவரை நாம் குறைகூறோம். தமிழ்ப்பாட்டைத் துக்கடாவென்று கச்சேரியின் கடைசியில் ஒதுக்கிய மேடைகளையே குறைகூறுகிறோம். ஆபிரகாம் பண்டிதர் 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. பண் ஆராய்ச்சியும் நடந்தது. அவ்வழியில் ஒரு பல்லியக் குழு வையையை மீண்டும் இசைக்க முன்வரட்டும். நல்லந்துவனார் பாடி, நாகனார் இசை வகுத்த பதினோராம் பாடலிலிருந்து தொடங்கலாம்.