கண்ணாடி ஆட்டமும் குடியேறியோர் பிள்ளைகளும்

சிறுவரிடத்துக் கவனத்தை நிலைப்படுத்துதல், பிறர் நிலையினின்று நோக்கும் ஆற்றலை வளர்த்தல் என்பன இன்று பெரும்பாலும் தனிமனித உளப் பயிற்சிகளாகவே கருதப்படுகின்றன. ஆயின், இவற்றுக்குப் பயன்படும் குழு விளையாட்டுகள் சிலவற்றின் வரலாற்றை ஆராயுமிடத்து, சமூகத் தேவையொன்றே அவற்றை உருவாக்கியமை புலனாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரில், குடியேறிய தொழிலாளர் செறிந்து வாழ்ந்த பகுதியில், ஜேன் அடம்ஸ், எலன் கேற்ஸ் ஸ்ரார் ஆகியோர் 1889இல் ஹல் ஹவுஸ் என்னும் சமூக நிலையத்தை நிறுவினர். இத்தாலியர், கிரேக்கர், யூதர் முதலிய பல மொழியினர் அங்கு அயலவராயினர். அந்நிலையத்தில் 1921இல் பயிற்சிப் பள்ளியொன்றைத் தொடங்கிய நேவா பொய்ட், விளையாட்டைச் சமூகப் பணிக்குரிய முறையாக வளர்த்தார்.

அவரிடம் பயின்றவர் வயோலா ஸ்போலின் (1906–1994). ருஷ்ய யூதக் குடியேறிகளின் மகளான இவர், பெருமந்த காலத்தையொட்டி, 1930களின் இறுதியில், அரசின் வேலைத்திட்டத்தின் கீழ் சிக்காகோவில் நாடகப் பொறுப்பாளராகப் பணியாற்றினார். பொதுமொழியற்ற பிள்ளைகளிடையே விரிவுரை பயன் தராது. விளையாட்டின் விதியோ யாவர்க்கும் விளங்கும். இவ்வனுபவத்தின் முதிர்ச்சியே 1963இல் வெளிவந்த அவரது நாடகப் பயிற்சி நூலாகும்.

அதில் இடம்பெறும் கண்ணாடி ஆட்டம் ஈண்டு நோக்கத்தக்கது. இருவர் எதிரெதிரே நிற்பர். ஒருவரின் அசைவை மற்றவர் கண்ணாடிப் பிம்பமெனச் செய்வர். பின்னர் இடம் மாறுவர். கண்ணெடுத்தால் ஆட்டம் குலையும். எனவே கவனிப்பதும் மற்றவரை அறிவதும் இங்கு ஒரே செயலாகின்றன. ஆசிரியர் பாராட்டோ கண்டனமோ வழங்குவதை ஸ்போலின் ஏற்கவில்லை. அதிகாரத்தின் முகம் பார்த்துப் பழகிய பிள்ளை, தன் தோழனின் முகத்தைக் காணாது என்பதே இதன் உட்பொருள் எனலாம்.

அவரது மகன் போல் சில்ஸ் 1959இல் ஏனையோருடன் இணைந்து நிறுவிய 'செக்கண்ட் சிற்றி' அரங்கின் வழி, இவ்விளையாட்டுகள் நடிகர் பயிற்சியாகப் புகழ்பெற்றன. அப்புகழ் அவற்றின் பிறப்பிடத்தை மறைத்துவிட்டது.

கண்மூடி அமர்ந்த பிள்ளை அமைதி பெறக்கூடும்; அயற்பிள்ளையை அறியும் எனக் கொள்ளவியலாது. மொழியாலும் வர்க்கத்தாலும் பிரிவுண்ட சமூகங்களுக்கு வேண்டுவது இவ்விரண்டாவது அறிவே. அதனைத் தவிர்த்து விளையாட்டை மட்டும் பெறுவோர், அதன் ஓசையைப் பெற்றுப் பொருளை இழப்பர்.