சிஸ்டர் வார்ட் பார்த்த மஞ்சள் முக்கோணம்

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை அதிகமானால் கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் படுக்க வைக்கிறார்கள் அல்லவா? அந்த விளக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், கதை ஏதோ பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் போய் நிற்பதில்லை. ஒரு நர்ஸிடம் போய் நிற்கிறது.

வருடம் 1956. இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் உள்ள ராச்ஃபோர்ட் பொது மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் சிஸ்டர் வார்ட். (ஆம், பெயரே வார்ட்தான்!) நர்ஸ் பயிற்சிக்கு வருவதற்கு முன்பு நாய்க்குட்டிகள் வளர்த்தவர் இவர். சின்ன உயிர்களைப் பார்த்துக்கொள்ளும் பக்குவம் அங்கேயே வந்துவிட்டது. இன்குபேட்டரின் புழுக்கத்தை விட நல்ல காற்றும் வெயிலும் குழந்தைக்கு நல்லது என்பது அவருடைய நம்பிக்கை. அதனால் வெயில் இதமாக இருக்கும் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார். டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருவதற்குள் உள்ளே கொண்டு வந்துவிடுவார்!

ஒரு நாள் ரவுண்ட்ஸில் ஒரு குழந்தையின் துணியைத் தயங்கித் தயங்கி விலக்கிக் காட்டினார். உடம்பு முழுவதும் வெளிறியிருந்தது. ஓர் இடத்தில் மட்டும் முக்கோணமாக அடர்ந்த மஞ்சள். டாக்டர் டாப்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதாவது மருந்து தடவினீர்களா என்று கேட்டார். இல்லை, வெயில் பட்ட இடமெல்லாம் மஞ்சள் போய்விட்டது, துணியின் முனை மூடியிருந்த இடத்தில் மட்டும் நின்றுவிட்டது என்றார் சிஸ்டர்.

டாக்டர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இது சாதாரண விஷயம் இல்லை. இரத்தச் சிவப்பணுக்கள் உடையும்போது வருகிற பிலிருபின் என்ற மஞ்சள் பொருளை வெளியேற்ற, குறைமாதக் குழந்தையின் கல்லீரலுக்குப் போதிய பலம் இருக்காது. அளவு மீறினால் அது மூளையில் போய்ப் படியும். உயிர் போகலாம், பிழைத்தாலும் காது கேட்காமல், கை கால் இயங்காமல் போகலாம். அன்றைக்கு இருந்த முக்கியமான வழி, குழந்தையின் இரத்தத்தையே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு இரத்தம் ஏற்றுவது. கைக்கு அடங்காத குழந்தைக்கு அது எவ்வளவு ஆபத்து!

சில வாரங்கள் கழிந்தன. காமாலை முற்றிய ஒரு குழந்தையின் இரத்தக் குழாய் பரிசோதனைக்கூடத்தில் வெயில் படும் இடத்தில் கிடந்துவிட்டது. சோதித்தால் பிலிருபின் எதிர்பார்த்ததை விட மிகக் குறைவு. புதிதாக எடுத்த இரத்தத்தில் அளவு மிக அதிகம். அப்போதுதான் சிஸ்டர் காட்டிய முக்கோணம் நினைவுக்கு வந்தது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இங்கிலாந்து வெயிலை நம்ப முடியுமா? நீல ஒளி தரும் குழல் விளக்குகளைத் தொட்டிலுக்கு மேல் பொருத்தினார்கள். 1958ல் கிரெமர், பெரிமன், ரிச்சர்ட்ஸ் மூவரும் லான்செட் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். கட்டுரை எழுதியவர்கள் வரிசையில் சிஸ்டர் வார்ட் இல்லை. கண்டது ஒருவர், பெயர் வேறு மூவருக்கு. அளவெடுத்து நிரூபித்தது அவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அளந்து பார்க்க ஒன்று இருக்கிறது என்று காட்டியது யார்? டாப்ஸும் கிரெமரும் 1975ல் எழுதிய ஒரு நினைவுக் குறிப்பில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் அவர் பெயராவது தப்பியது.

அமெரிக்கா இன்னும் மெதுவாகத்தான் நம்பியது. 1968ல் லூசி குழுவினரின் ஒப்பீட்டு ஆய்வு வந்த பிறகுதான் அங்கே இந்த விளக்கு பரவியது. ஒளி பட்டதும் பிலிருபின் வடிவம் மாறி, கல்லீரலின் உதவி அதிகம் இல்லாமலே வெளியேறுகிறது என்ற வேதியியல் விளக்கம் அதற்கும் பின்னால்தான் தெளிவானது.

நம் வீடுகளில் பச்சிளம் குழந்தையை இளவெயிலில் காட்டும் வழக்கம் உண்டு. அதற்காகக் காமாலைக்கு வெயில் போதும் என்று இருந்துவிடக் கூடாது. வெயிலை அளந்து கொடுக்க முடியாது, விளக்கை முடியும்.

இன்னொன்று. விளக்கின் கீழ் இருக்கும் குழந்தையின் தோலைப் பார்த்துக் காமாலை குறைந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது, இரத்தத்தைத்தான் சோதிக்க வேண்டும் என்று இன்று நர்ஸ்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். ஒளி பட்ட தோல் முதலில் வெளுத்துவிடும். கண்கட்டை அவிழ்த்தால் அதன் அடியில் மஞ்சள் அப்படியே இருக்கும்.