ஆஃபா மன்னரின் அரபுப் பொற்காசு

லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு பொற்காசு இருக்கிறது. ஒரு முகத்தில் 'லா இலாஹ இல்லல்லாஹ்' என்னும் திருக்கலிமா. மறுமுகத்தில் 'முஹம்மதுர் ரஸூலுல்லாஹ்' என்னும் மூன்று வரிகள். அவ்வரிகளுக்கு இடையே, லத்தீன் எழுத்தில், 'ஆஃபா ரெக்ஸ்', அதாவது 'ஆஃபா மன்னர்'. 757 முதல் 796 வரை இங்கிலாந்தின் மெர்ஸியா நாட்டை ஆண்டவர் இவர். இக்காசைச் சான்று காட்டி, அம்மன்னர் இஸ்லாத்தைத் தழுவியவர் என்று மகிழ்வோர் உண்டு. காசு என்ன சொல்கிறது?

அக்காலத்தில் இரண்டு அச்சுகளுக்கிடையே உலோக வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடித்தே காசு செய்தனர். காசில் எழுத்து நேராக விழ, அச்சில் அதை இடம்வலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அவ்வேலையில் கைதேர்ந்த ஒருவர், கலீஃபா அல் மன்ஸூர் காலத்துத் தீனார் ஒன்றைப் பார்த்துச் செதுக்கியிருக்கிறார். ஹிஜ்ரி 157 (கி.பி. 773-774) என்ற ஆண்டைக்கூட அவர் விடவில்லை. ஆயினும் அரபு எழுத்துகளில் பிழைகள் தென்படுகின்றன. அதனினும் பெரிது, மன்னரின் பெயரை நேராகப் பிடித்தால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பெயர் தலைகீழாக நிற்பது! கலிமாவை ஓதத் தெரிந்த கை இவ்வாறு செய்யுமா? செதுக்கியவருக்கு அது எழுத்தன்று, வெறும் சித்திர வேலை.

ஆஃபாவின் ஏனைய காசுகளும் இதற்குத் துணை நிற்கின்றன. அவர் நாட்டில் புழங்கியது வெள்ளிப் பென்னி. அவற்றுள் பலவற்றில் சிலுவையைக் காண்கிறோம். 786இல் போப்பாண்டவரின் தூதர்களை வரவேற்றவரும் அவரே.

பின் ஏன் பொன்னும் அரபும்? விடை எடையில் இருக்கிறது. இக்காசு 4.28 கிராம், அப்பாஸியத் தீனார் ஏறத்தாழ 4.25 கிராம். இந்தப் பொருத்தம் தற்செயலன்று என்றே கருதுகிறேன். தீனாரின் தோற்றத்தையும் எடையையும் வணிகர் நம்பினர். அன்றைய ஐரோப்பியர் பொற்காசை 'மன்கஸ்' என்றழைத்தனர். 'பொறிக்கப்பட்டது' எனப் பொருள்படும் 'மன்கூஷ்' என்ற அரபுச் சொல்லின் திரிபே அது என்பர் அறிஞர்.

ஆண்டுதோறும் 365 மன்கஸ் ரோமாபுரிக்கு அனுப்ப ஆஃபா வாக்களித்ததைப் போப் மூன்றாம் லியோவின் கடிதம் ஒன்று கூறுகிறது. இக்காசு அக்காணிக்கைக்காக அடிக்கப்பட்டது என்பார் சிலர்; வணிகத்துக்கே என்பார் வேறு சிலர். முன்னவர் கூற்று மெய்யாயின், இறைவனுக்கு இணையில்லை என்னும் வாசகம் பொறித்த பொன்னைத்தான் போப்பாண்டவர் பெற்றுக்கொண்டிருக்கிறார்.