உப்பு நீரும் நல்ல தண்ணீரும்: கேளம்பாக்கத்துக் கால்வலியின் வரலாறு

பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்குமாடிகள் எழுவதற்கு முன்பு கேளம்பாக்கம் உப்புக்குப் பேர்போன ஊராக இருந்தது. கோவளம் கழிமுகத்திலிருந்து உள்நோக்கி நீளும் உவர்நீர்ப் பரப்பு உப்பளங்களுக்கு நீரைத் தந்தது. அதையொட்டி ஓடும் பக்கிங்காம் கால்வாய் விளைந்த உப்பைப் படகேற்றிச் சென்னைக்குக் கொண்டுசெல்ல வழி தந்தது. 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டபின் விளைந்த ஒவ்வொரு மரக்காலும் கணக்கில் ஏறியது. அதை விளைவித்த கால்களுக்கு அப்படி ஒரு கணக்கு வைக்கப்படவில்லை.

உப்பளத்து வேலையில் பெரும்பகுதி காலின் வேலை. மழைக்காலம் கழிந்ததும் பாத்தியின் தரையைக் களிமண் இறுகும்வரை மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். பிறகு கணுக்கால் அளவு உவர்நீரில் நின்று, படிந்த உப்பை நீண்ட கழியில் பொருத்திய பலகையால் வரப்புக்கு இழுத்து, கூடையில் அள்ளித் தலைச்சுமையாக மேட்டில் சேர்க்க வேண்டும். பாதத்தோல் தடித்து வெடிப்பதும், அந்தியில் முழங்கால் மடங்க மறுப்பதும் தொழிலோடு வந்தவையாகவே கொள்ளப்பட்டன. காரணம் கண்முன் கிடந்த வலிக்குத் தனிப்பெயர் தேவைப்படவில்லை.

பெயர் தேவைப்பட்டது காரணம் தெரியாத வலிக்குத்தான். உடலை வளி, அழல், ஐயம் என்னும் மூன்றின் சமநிலையாகக் காணும் சித்த மருத்துவம் வளியால் வரும் வாத நோய்களை எண்பதாக வகுத்தது. மூட்டுக்குக் ‘கீல்’ என்று பெயர் இருப்பதால் மூட்டு நோய் கீல்வாயு ஆயிற்று. கைகால்களை மடக்கிப் போடுவது முடக்குவாதம் ஆயிற்று. தொடையும் கெண்டைக்காலும் மெலிந்து, நடுவில் முழங்கால் மட்டும் வீங்கி நரியின் தலைபோல் தோன்றுவதற்கு நரித்தலை வாதம் என்று பெயர். வேலியோரம் படரும் முடக்கறுத்தானின் பெயரிலேயே அதற்கு உரிய வேலையும் சொல்லப்பட்டுவிட்டது. இப்பெயர்கள் காரணத்தைக் காட்டிலும் உடல் கொள்ளும் கோலத்தையே பெரிதும் சொல்கின்றன.

பிற மொழியினரும் இதே வழியில்தான் பெயரிட்டனர். 1779இல் பத்தேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், திடீரெனப் பரவிய மூட்டுக் காய்ச்சலை டேவிட் பைலன் என்ற மருத்துவர் பதிவு செய்தார். 1827இல் மேற்கிந்தியத் தீவுகளைத் தாக்கிய காய்ச்சல், நோயாளிகள் விறைத்து நடந்த நடை மிடுக்கர்களின் நடைபோல் இருந்ததால், ‘டாண்டி’ எனப்பட்டது. 1952-53இல் இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் வாழும் மக்கொண்டே மக்கள், ஆளை வளைத்துப் போடுவது என்னும் பொருளில் தங்கள் மொழியில் வழங்கிய சொல்லே சிக்குன்குனியா. முடக்கு என்ற தமிழ்ச்சொல்லுக்கு இவ்வளவு நெருங்கிய உறவு ஆப்பிரிக்கக் கரையில் இருப்பது வியப்பே.

சிக்குன்குனியா வைரஸ் 1963இல் கல்கத்தாவிலும் 1964இல் சென்னை, வேலூர் ஆகிய நகரங்களிலும் பரவியது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அக்கொள்ளைநோயை ஆராய்ந்த குழுவைச் சேர்ந்த டொனால்ட் கேரி, 1971இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் பழைய பதிவுகளைத் திரும்பப் படித்து, டெங்கு என்று நம்பப்பட்ட 1779, 1824 ஆண்டுகளின் காய்ச்சல்கள் சிக்குன்குனியாவாகவே இருந்திருக்கலாம் என்று வாதிட்டார். காய்ச்சல் தணிந்த பின்னும் மூட்டுவலி நெடுநாள் நீடித்ததாக அப்பதிவுகள் கூறுவதே அவருக்கு முக்கியத் தடயமாயிற்று. முன்னோர் சலிப்போடு எழுதிவைத்த கால்வலிக் குறிப்புகள் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் சாட்சியமாக மாறின.

1973இல் மகாராஷ்டிரத்தின் பார்ஷியில் காணப்பட்ட பின் நோய் ஏறத்தாழ மறக்கப்பட்டது. 2005இன் இறுதியில் அது திரும்பியபோது, முன்னர் வந்த ஆசிய வகையாக இல்லாமல் கிழக்காப்பிரிக்க மரபைச் சேர்ந்த வகையாக இருந்தது. இடைப்பட்ட முப்பதாண்டுகளில் பிறந்தோர் உடலில் அதற்கு எதிர்ப்பாற்றலும் இல்லை. 2006இல் நாடெங்கும் சுமார் 14 லட்சம் பேருக்கு நோய் இருப்பதாக ஐயுறப்பட்டது. புதிய பெயரைச் ‘சிக்கன் குனியா’ என்று கேட்டுக் கோழிக்கறியை விலக்கியோரும் உண்டு.

இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பொதுவாக உவர்நீரை நாடாது. மூடாத தொட்டியிலும் பிளாஸ்டிக் டிரம்மிலும் கட்டடப் பள்ளத்திலும் தேங்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடும். உப்பளத்துக்கு அருகிலேயே லாரித் தண்ணீரைச் சேமித்து வாழும் குடியிருப்புகள் பெருகிய தென்புறநகரில், கால்வலிக்கான ஊற்று இவ்வாறு இடம் மாறியது. 2005 செப்டம்பரில் தாம்பரம் சானடோரியத்தில் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இப்பகுதியிலேயே இருந்தது. நிலவேம்பு, வெட்டிவேர், பற்படாகம், சுக்கு, மிளகு உள்ளிட்ட ஒன்பது சரக்குகளைக் காய்ச்சி வடிக்கும் நிலவேம்புக் குடிநீரின் பெயர் அக்காலந்தொட்டு வீடுதோறும் பரவியது.

காய்ச்சல் சில நாளில் விட்டுவிடும்; காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது குதிகாலும் கணுக்காலும் முழங்காலும் இறுகும் நிலை சிலருக்கு, அதிலும் நடுவயதைக் கடந்தோருக்கு, மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீள்கிறது. அண்மைத் தொற்றைக் காட்டும் எதிர்பொருள் சில மாதங்களில் இரத்தத்திலிருந்து மறைந்துவிடும். எக்ஸ்ரே படத்திலும் பல வேளைகளில் ஒன்றும் தெரியாது. அத்தகைய நோயாளியிடம், வலி தொடங்கும் முன்பு வீட்டில் யாருக்கெல்லாம் காய்ச்சல் வந்தது என்று மருத்துவர் கேட்டால்தான் மறந்துபோன அந்த மூன்று நாள் காய்ச்சல் பேச்சில் வெளிவருகிறது.