புத்ததேவ போஸ் (1908–1974)

வங்க நாவலாசிரியர், கவிஞர். குமில்லாவில் பிறந்து டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்றவர். 1935இல் ‘கவிதா’ இதழைத் தொடங்கினார். ‘திதிடோர்’ (1949) இவரது புகழ்பெற்ற நாவல்.

1953–54இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கிலுள்ள பென்சில்வேனியா மகளிர் கல்லூரியில் கற்பித்தார். திரும்பியபின், 1956இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் ஒப்பிலக்கியத் துறையை நிறுவினார். இலக்கியத்தை ஒரு மொழியின் எல்லைக்குள் அடைக்காமல் கற்பித்த அத்துறை, இவரது நாவல்களுக்கு நிகரான சாதனை. காளிதாசரின் மேகதூதத்தையும் போதலேர், ரில்கே கவிதைகளையும் வங்காளத்தில் தந்தவரிடமிருந்து அது பிறந்தது இயல்பே. அங்கு பயின்ற எழுத்தாளர் நவநீதா தேவ் சென், ஹார்வர்டிலும் இண்டியானாவிலும் படித்துத் திரும்பி அதே துறையில் பேராசிரியரானார். போஸ் 1963இல் பணியிலிருந்து விலகி, மீண்டும் அமெரிக்கா சென்று கற்பித்தார். சாகித்திய அகாதமி விருது (1967), பத்மபூஷண் (1970) பெற்றவர்.