உப்புக்குச் சப்பாணியும் சுப்பர் மாரியோவும்

"உந்தக் கேமிலை பிள்ளை என்னத்தைப் படிக்குது?" என்ற கேள்வி எங்கள் நேரடி நிகழ்ச்சிகளுக்கு வருடத்தில் இரண்டு தடவையாவது வந்துவிடும். கேட்பவர் பெரும்பாலும் ஒரு தாய். பின்னணியில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். இந்த விளையாட்டுக்கள் நல்லவையா கெட்டவையா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கப்போவதில்லை. அடிதடி விளையாட்டு ஒன்று தன்னை விளையாடும் விதத்தை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது, அந்தப் பாடமுறை எப்படி வளர்ந்தது என்பதை மட்டும் பார்ப்போம். கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்பதால் எனக்கு முதலில் கண்ணில் படுவது ஒரு விலைதான்: ஒரு பிழை விட்டால் எவ்வளவு செலவு?

ஊரில் இதற்கு ஒரு விடை இருந்தது. கிளித்தட்டு மறிக்கும் இடத்தில் ஐந்து வயதுத் தம்பி வந்து நின்று அழுதால் அவனை "உப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக்கொள்வோம். அடி விழுந்தாலும் அவன் ஆட்டமிழக்க மாட்டான். கோட்டுக்குக் கோடு ஓடுவான், கிளி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பான். அடுத்த வருடம் அவனைக் கணக்கில் எடுக்காமல் விடமுடியாது. யாரும் அவனுக்கு வகுப்பு எடுக்கவில்லை. பிழையின் விலை பூச்சியமாக இருந்தது, அவ்வளவுதான்.

நாங்கள் அப்படி ஓடித்திரிந்த காலத்தில், 1978இல், யப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ என்பவர் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' செய்தார். 55 வேற்றுக்கிரகவாசிகள் வரிசையாக இறங்கி வருவார்கள், சுட்டுத் தள்ளவேண்டும். அவர்கள் குறையக் குறைய மிஞ்சியவர்கள் வேகமாக வருவார்கள். இது திட்டமிட்டுச் செய்தது அல்ல. திரையில் வரையவேண்டிய உருவங்கள் குறைந்ததால் இயந்திரத்தின் வேலை இலகுவாகி, வேகம் தானாகக் கூடியது. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டார். முதலில் மெதுவாகக் கைபழகு, பழகியபின் வேகம் கூட்டுவேன் என்று இயந்திரமே சொல்வதுபோல அமைந்துவிட்டது.

ஆனால் பாடக் கட்டணம் உண்டு. இந்த நாட்டில் பெரும்பாலும் ஒரு ஆட்டத்துக்கு 10 பென்ஸ். உயிர்கள் முடிந்தால் இன்னொரு 10 பென்ஸ். பிள்ளை விரைவில் தோற்றால்தான் கடைக்காரருக்கு இலாபம், எனவே பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க அங்கே யாருக்கும் அவசியம் இல்லை. 1981 மே மாதம் தொழிற்கட்சி உறுப்பினர் ஜோர்ஜ் ஃபூக்ஸ் இந்த இயந்திரங்களைக் கட்டுப்படுத்த ஒரு மசோதாவையே பாராளுமன்றத்தில் கொண்டுவந்தார். பிள்ளைகள் சில்லறைக்காகத் திருடுகிறார்கள் என்பது அவர் முறைப்பாடு. 114க்கு 94 என்ற வாக்குகளால் அது தோற்றது. இன்றைய தாய்மாரின் கவலைக்கு இவ்வளவு வயது!

1982இல் சேர் கிளைவ் சின்கிளேயரின் ஸ்பெக்ட்ரம் கணினி 125 பவுண் விலையிலிருந்து வீடுகளுக்குள் வந்தது. இனிச் சில்லறை தேவையில்லை. ஆனாலும் பழைய பழக்கம் போகவில்லை. 1983இல் மத்தியூ ஸ்மித் எழுதிய 'மனிக் மைனர்' 20 குகைகள் கொண்டது. மூன்று உயிரும் போனால் பத்தொன்பதாவது குகையிலிருந்தாலும் முதலாவதற்குத் திரும்பவேண்டும். காசு வாங்காத இயந்திரம் காசு வாங்கும் இயந்திரத்தின் குணத்தை வைத்திருந்தது.

உண்மையான மாற்றத்தை 1985இல் நின்ரெண்டோவின் 'சுப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டின் முதற் கட்டத்தில் காணலாம். ஷிகெரு மியமோட்டோவும் தகாஷி தெஸுகாவும் செய்தது. ஒரு சொல் விளக்கம் கிடையாது. மாரியோ திரையின் இடது ஓரம் நிற்கிறான், வலப்பக்கம் வெறுமை. எந்தப் பக்கம் போவது என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. சற்று நடந்தால் காளான்போல் ஒன்று முறைத்துக்கொண்டு வரும். பாயத் தெரியாவிட்டால் சாவு. ஆனால் இழப்பது சில விநாடிகள்தான், உடனே திரும்ப வரலாம். மேலே கேள்விக்குறி போட்ட பெட்டி மினுங்கும். முட்டினால் ஒரு காளான் வெளிவந்து, குழாயில் மோதித் திரும்பி மாரியோவை நோக்கி ஓடிவரும். இது பகையல்ல, நன்மை செய்வது என்று அது வந்து தொட்டபிறகு தெரிகிறது.

கட்டத்தின் கடைசிப் பகுதியை நான் மிகவும் மதிக்கிறேன். இரண்டு படிக்கட்டுகள் எதிரெதிரே நிற்கும், நடுவில் ஒரு இடைவெளி. அதற்கு அடியில் தரை உண்டு. தவறி விழுந்தால் ஏறி வந்து திரும்பப் பாயலாம். சற்றுத் தள்ளி அதேபோல் இன்னொரு சோடிப் படிக்கட்டு, அங்கே அடியில் தரை இல்லை. முதலாவதில் நீங்கள் உப்புக்குச் சப்பாணி, இரண்டாவதில் கணக்கில் எடுபடும் ஆட்டக்காரர். பாயும் அளவு ஒன்றேதான், விலை மட்டும் மாறுகிறது.

பின்னால் வந்தவர்கள் இதைப் பலவிதமாகச் செய்தார்கள். டார்பி நகரில் கோர் டிசைன் நிறுவனம் 1996இல் வெளியிட்ட 'ரூம் ரெய்டர்' விளையாட்டில் லாரா குரொஃப்டின் சொந்த வீடே பயிற்சிக் கூடம். அங்கே பாயலாம், தொங்கலாம், எதிரி இல்லை. மாறாக, 2011இல் ஹிடெடாகா மியஸாக்கியின் 'டார்க் சோல்ஸ்' முறிந்த வாளோடு ஒரு பூதத்தின் முன் நிறுத்திவிடும். அங்கே சரியான விடை ஓடித் தப்புவது. நல்ல ஆயுதம் எடுத்தபின் திரும்ப வந்து அதே பூதத்தை எதிர்கொள்ளவேண்டும். செத்தால் சேர்த்த செல்வம் விழுந்த இடத்திலேயே கிடக்கும், போய் எடுக்கலாம். போகும் வழியில் மறுபடி செத்தால் அது அறவிடமுடியாக் கடன்தான். கடுமையான வாத்தியார், ஆனால் கணக்கில் நேர்மையானவர்.

எங்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது? இந்தியாவின் பூனா நகரில் நோடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'ராஜி' சண்டை விளையாட்டில், துர்க்கை கொடுத்த சூலத்தோடு ஒரு சர்க்கஸ்காரப் பெண் தம்பியைத் தேடிப்போகிறாள். தமிழிலிருந்து பிறந்ததென்றால் ரொறன்ரோவின் விசை நிறுவனம் 2023இல் வெளியிட்ட 'வெண்பா'. 2024 ஏப்ரலில் இங்கே இலண்டனில் அறிமுக விளையாட்டுக்கான பஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தது. அது அடிதடி அல்ல, சமையல். ஆனால் பாடமுறை மாரியோவினுடையதே. அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் கறைபட்டுக் கிழிந்திருக்கிறது. விடுபட்ட வரியைச் செய்துபார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். இட்டலி பிழைத்தால் திரும்ப அவிக்கலாம், ஆட்டம் முடிந்துவிடாது.

இதை எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளோடும் விருந்துகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிள்ளை "அம்மா வந்தான்" என்று சொன்னால் மாமாமார் எல்லோரும் சிரிக்கிறோம். பிள்ளைக்கு அந்த ஒரு பிழையின் விலை 10 பென்ஸை விடக் கூட. இரண்டு முறை அப்படி நடந்தால் அது ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறது, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறது. உள்ளே இருக்கும் வாத்தியார் நூறு தடவை விழுந்தாலும் சிரிப்பதில்லை.

'வெண்பா'வில் கனடாவில் வளரும் மகன் கவின், வளர்ந்தபிறகு தாயின் அதே புத்தகத்தை எடுத்து வைத்துச் சமைக்க முனைகிறான். அவனுக்குத் தமிழ் வாசிப்பு சரளமில்லை. தெரிந்த சொற்களை வைத்துக்கொண்டு அடுப்பை மூட்டுகிறான்.